பொங்கல் பானைக்குள் பழைய தேயிலை

முதலில் அந்த வாடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த ஊர் வீட்டைத் திறந்து உள்ளே போனால் ஒரு வாடை வருமே, நெல் கொட்டி வைத்திருந்த குதிர், ஈரம் இறங்கிய சுவர், மூலையில் சுருட்டி வைத்த கோரைப்பாய் எல்லாம் சேர்ந்து, கிட்டத்தட்ட அதுதான். எதிர்வீட்டு அங்கிள் ஒரு குட்டிக் கிண்ணத்தில் பழைய சீனத் தேநீரை ஊற்றி நீட்டினார். டிகாக்ஷன் மாதிரி நிறம், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் அடி தெரிகிறது. மரியாதைக்காக ஒரு வாய் குடித்தேன். மண் குடித்த மாதிரி இருந்தது. சரி, தப்பித்தோம் என்று கிண்ணத்தைக் கீழே வைத்தேன், அப்போதுதான் தொண்டையில் ஒரு இனிப்பு ஏறியது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வரும் பாருங்கள், அதே இனிப்பு. சர்க்கரை போடாத தேநீரில் அது எங்கிருந்து வந்தது என்று புரியாமல் இன்னொரு கிண்ணம் கேட்டேன். அங்கிள் சிரித்தார். ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இது தொடங்கியதே ஒரு முறுக்குத் தட்டில். சிங்கப்பூரில் அங் மோ கியோவில் நாங்கள் குடிவந்த முதல் தீபாவளிக்கு அம்மா எதிர்வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார். தட்டைத் திருப்பித் தர வந்த அங்கிள், வெறும் தட்டாகத் தரக்கூடாது என்ற பழக்கம் அவர்கள் வீட்டிலும் உண்டு போலிருக்கிறது, அதில் இரண்டு ஆரஞ்சும் காகிதத்தில் சுற்றிய ஒரு கறுப்புக் கட்டியும் வைத்திருந்தார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, இது சாம்பிராணியா?" என்றார். அதைக் கேட்கத்தான் நான் அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

அவர் கான்டனீஸ் பேசும் சீனர், அதனால் அவர் வாயில் அது 'போ லே'. மாண்டரினில் 'பூ எர்', நான் பூஎர் என்றே எழுதுகிறேன். இங்கே டிம் சம் என்ற சீனச் சிற்றுண்டி சாப்பிடப் போயிருந்தால் நீங்களும் தெரியாமல் குடித்திருப்பீர்கள், மேசையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு பெரிய பீங்கான் கூஜாவில் கறுப்பாக ஒன்று வரும், சில இடங்களில் சாமந்திப்பூ போட்டு வரும், அதுதான். ஆனால் கடையில் வருவதை வைத்து இந்தத் தேயிலையை எடை போட்டுவிடாதீர்கள். உணவங்காடி ஃபில்டர் காப்பியைக் குடித்துவிட்டுக் கும்பகோணத்தைத் திட்டுவது போல ஆகிவிடும்.

பூஎர் சீனாவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் யுன்னான் மாநிலத்தில் விளைவது. பர்மாவும் லாவோஸும் வியட்நாமும் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி. அங்கே விளையும் பெரிய இலை வகை, நம் அஸ்ஸாம் தேயிலையின் அதே இனம். பூஎர் என்பது ஒரு சந்தை ஊரின் பெயர், மலையிலிருந்து இறங்கிய தேயிலை அங்கே கைமாறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, மணப்பாறை முறுக்கு மாதிரி. தேயிலையால் வரும் பேர் லாபமாக இருக்கிறதே என்று சிமாவோ என்றிருந்த நகரத்துக்கு 2007இல் பூஎர் என்றே பெயர் மாற்றிவிட்டார்கள். அடுத்த வருடம், யுன்னானில் விளைந்த பெரிய இலைத் தேயிலையைத் தவிர வேறு எதையும் பூஎர் என்று விற்கக்கூடாது என்று சீன அரசு விதி போட்டது. அந்தக் காலத்தில் கோவேறு கழுதை முதுகில் மாதக்கணக்காக மலைப்பாதையில் திபெத்துவரை போயிருக்கிறது. சுமப்பதற்கு வசதியாக ஆவி காட்டி, துணிப்பையில் போட்டு, கல்லை வைத்து அழுத்தித் தட்டுத் தட்டாகச் செய்தார்கள். வெயில், மழை, கழுதை வேர்வை எல்லாம் பட்டுப் போய்ச் சேரும்போது அது வேறு தேயிலையாக மாறியிருந்தது, அப்படித்தான் பழையது நல்லது என்று கண்டுபிடித்தார்கள் என்று கதை சொல்கிறார்கள். கதைதான், ஆனால் நம்பத் தோன்றும் கதை.

இதில் இரண்டு வகை. ஷெங், ஷோ. ஷெங் என்றால் பச்சை, ஷோ என்றால் வெந்தது. எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை, பச்சரிசி, புழுங்கல் அரிசி என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டேன், அப்புறம் மறக்கவில்லை. பச்சை வகையில் இலையைப் பறித்து, கொஞ்சம் வாடவிட்டு, இரும்புச் சட்டியில் வறட்டி, உருட்டி, வெயிலில் காயவைத்து அழுத்திவிடுவார்கள். அடுப்பில் முழுக்கச் சுட்டுக் காயவைக்காததால் இலையில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கும், அது வருடக்கணக்கில் மெதுவாக மாறிக்கொண்டே போகும். புதிதில் பச்சையாக, கசப்பாக, நாக்கைப் பிடிக்கும். பத்து, இருபது வருடத்தில் மரமும் கற்பூரமுமாக இறங்கி வரும்.

ஆனால் இருபது வருடம் யார் காத்திருப்பார்கள்? ஹாங்காங்கில் பழைய போ லே கேட்டுத் தேநீர்க் கடைகளில் கூட்டம், சரக்கோ இல்லை. அங்கே வியாபாரிகள் ஈரமான கிடங்கில் அடைத்துவைத்துச் சீக்கிரம் பழுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அதையே தொழிற்சாலையில் செய்தால் என்ன என்று யுன்னான் தலைநகர் குன்மிங்கின் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் 1973இல் ஹாங்காங்கை ஒட்டிய குவாங்டோங் போய்க் கற்றுக்கொண்டு வந்து ஒரு முறையைப் பிடித்தார்கள். இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடிவிடுவது. உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்யும், குவியல் ஐம்பது அறுபது டிகிரிக்குச் சூடாகும், அவ்வப்போது கிளறிவிட வேண்டும், ஒன்றரை இரண்டு மாதத்தில் இலை கறுத்துப்போகும். எரு மூட்டம் போடுகிறவர்கள் கேட்டால் 'இதற்கா இவ்வளவு பில்டப்பு' என்பார்கள். அதுதான் ஷோ. டிம் சம் கடையில் வருவது பெரும்பாலும் இதுதான். மட்டமானது இல்லை, நான் தினமும் குடிப்பதே ஷோதான். ஆனால் அது பழசு ஆனது இல்லை, பழசு ஆக்கப்பட்டது. இந்த வித்தியாசம் புரியாமல்தான் நான் 280 சிங்கப்பூர் வெள்ளியை விட்டேன்.

அதையும் சொல்லிவிடுகிறேன். கடையின் பெயர் வேண்டாம், சைனாடவுன் பக்கம்கூட இல்லை. பூஎர் பைத்தியம் பிடித்த இரண்டாவது வருடம், அங்கிளிடம் கேட்காமல், நானே ஒரு பழைய தேயிலைத் தட்டு வாங்கி அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். காகிதம் பழுப்பேறி, ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. அட்டையில் 7572 என்று எண். "எழுபத்தைந்து, பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன். 1975ஆம் வருடத் தேயிலை 280 வெள்ளிக்கா என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு, அவர் மனசு மாறுவதற்குள் காசைக் கொடுத்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், கைக்குழந்தை மாதிரி.

அங்கிள் காகிதத்தைப் புரட்டி மூலையில் விரல் வைத்தார். அங்கே நீல நிறத்தில் குட்டியாக க்யூ எஸ் என்று ஒரு முத்திரை. சீனாவில் உணவுப் பொருளுக்கு அந்தத் தர முத்திரை வந்ததே 2000க்குப் பிறகு. அப்புறம் அந்த எண்ணுக்கு அர்த்தம் சொன்னார். முதல் இரண்டு இலக்கம் அந்தச் செய்முறையை வகுத்த வருடம், மூன்றாவது இலையின் தரம், கடைசி எண் தொழிற்சாலை. 1 என்றால் குன்மிங், 2 மெங்ஹாய், 3 சியாகுவான். ஆக 7572 என்பது 1975இல் வகுத்த கலவைப்படி, ஏழாம் தர இலையில், மெங்ஹாய் தொழிற்சாலை செய்வது. போன வருடம் செய்தாலும் அது 7572தான். உண்மையான 1975 என்றால் 280 வெள்ளிக்கு அதைச் சுற்றிய காகிதம்கூடக் கிடைக்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "தேயிலை பரவாயில்லை, மூன்று நாலு வருடம் இருக்கும், குடிக்கலாம்" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. மோசமாக இருந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு வருடத்தை யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எங்கே இருந்தது?

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு சின்னச் சோதனை. ஒரே தொழிற்சாலை, ஒரே எண், ஒரே வருடம், இரண்டு தட்டு. ஒன்று குன்மிங்கிலேயே இருந்தது, இன்னொன்று கோலாலம்பூரில். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றினேன். குன்மிங் தேநீர் இன்னும் தேன் நிறம், பூ வாசம், நாக்கின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிறது, இவ்வளவு வருடம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. கோலாலம்பூர் தேநீர் செங்கல் சிவப்பு, வழவழப்பு, கசப்பு தூரத்தில் எங்கேயோ. குன்மிங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1900 மீட்டர் உயரத்தில், காய்ந்த குளிர் காற்றில் இருக்கும் ஊர். அங்கே தேயிலை தூங்கும். நம் பக்கத்துச் சூட்டிலும் ஈரத்திலும் தூங்க முடியுமா? மனுசனுக்கே முடியவில்லை. ஊரில் பழைய அரிசி, பழம்புளி என்று தேடி வாங்குவோமே, அதில்கூட மூட்டை எங்கே அடுக்கியிருந்தது என்று பார்க்கத் தெரிந்த கிழவிகள் இருந்தார்கள். எலிப்புழுக்கை வாடை அடித்தால் எத்தனை வருடம் பழசானாலும் வாங்க மாட்டார்கள்.

ஹாங்காங்கில் ஒரு வணிகர் இதை வைத்தே பேர் வாங்கினார். 1980களின் கடைசி, 90களின் தொடக்கத்தில் செய்த 7542 பச்சைத் தட்டுகளை வாங்கி, அங்கே எல்லோரும் செய்வதுபோல ஈரக் கிடங்கில் போடாமல் காய்ந்த இடத்தில் அடுக்கிவைத்தார். இன்று அந்தத் தட்டுகளுக்கு '88 சிங் பிங்' என்று பேர், ஏலத்தில் எடுக்கிறார்கள். அதைப் பார்த்து ஊரெல்லாம் தேயிலையைப் பங்குபோல வாங்கிக் குவிக்க, 2007இல் விலை தலைகுப்புற விழுந்தது. குடிக்காதவர்கள் வாங்கினால் அப்படித்தான்.

சரி, நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், வெயில் நாளில் பிற்பகல் 60க்கு இறங்கும், வருடச் சராசரி 80க்கு மேல். தேயிலை சீக்கிரம் பழுக்க நல்ல இடம், பூஞ்சை பிடிக்க அதைவிட நல்ல இடம். என் முதல் தட்டை நான் பூஞ்சைக்குப் பயந்து சமையலறை மேல் அலமாரியில், உயரத்தில், காற்று படும்படி வைத்தேன். கீழ்த் தட்டில் அம்மாவின் பெருங்காய டப்பா இருந்தது என் கண்ணில் படவில்லை. நாலு மாதம் கழித்து எடுத்துப் போட்டால், முதல் ஊற்றலிலேயே ரசம். பொய் சொல்லவில்லை, மிளகு மட்டும்தான் இல்லை. தேயிலை பக்கத்தில் இருப்பதையெல்லாம் குடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், பெருங்காயத்தை இவ்வளவு ஆசையாகக் குடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் அது பிடித்திருந்தது, வாயு வராது என்றார்.

இரண்டாவது தட்டை ஹாலில் வெளிச்சுவர் ஓரமாக அட்டைப்பெட்டியில் வைத்தேன். டிசம்பர் மழை இரண்டு வாரம் விடாமல் அடித்தது. திறந்தபோது தட்டின் ஒரு ஓரம் பூனைக்குட்டி காது மாதிரி இருந்தது. சிலர் வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை, தட்டிவிட்டுக் குடிக்கலாம் என்பார்கள். நான் பஞ்சு மாதிரி நின்றால் எந்த நிறமாக இருந்தாலும் குப்பைத்தொட்டிதான். விலையைப் பார்த்து வயிற்றைப் பணயம் வைக்க வேண்டாம்.

பானை யோசனை தற்செயலாக வந்தது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் பொங்கல் சந்தையில் எப்போதும் இரண்டு மண்பானை வாங்குவோம், ஒன்று விரிசல் விட்டால் இன்னொன்று. அந்த வருடம் இரண்டுமே நன்றாக இருந்ததால் சின்னது மிஞ்சியது. மெருகு பூசாத வெறும் மண், தண்ணீர் ஊற்றினால் வெளியே கசிந்து குளிர்கிற வகை. ஈரம் கூடினால் கொஞ்சம் தான் எடுத்துக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும், ஒரே அடியாக ஏறி இறங்காது. ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, கழுவி, மண்வாடை போக ஒரு வாரம் தாழ்வாரத்தில் வெயில் காட்டினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் இப்போது என்ன பொங்கல் என்று கேட்டார்கள். அப்புறம் தேயிலையை அதன் காகிதத்தோடு உள்ளே வைத்து, வாயில் பருத்தித் துணி கட்டி, மேலே ஒரு மூடி. பத்து வெள்ளிக்கு ஒரு ஈரமானி வாங்கிப் போட்டேன். வெளியே 88 காட்டும் காலையில் பானைக்குள் 70, 71. பிற்பகலில் வெளியே 62க்கு இறங்கினாலும் உள்ளே 67க்குக் கீழே போகவில்லை. குளிர்சாதனம் போடும் அறையில் மட்டும் வைக்காதீர்கள், இராத்திரி காய்ந்து பகலில் ஊறி, தேயிலை குழம்பிவிடும். சமையலறையைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

குடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன். வழக்கமான ஒரு தட்டு 357 கிராம், ஏழு தட்டை அடுக்கி மூங்கில் மடலில் கட்டினால் ஒரு கட்டு, கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. தட்டை உடைக்க வேண்டாம். கத்தியை மேலே வைத்துக் குத்தினால் இலை தூளாகும், கையும் கிழியும், எனக்கு இரண்டும் ஆயிற்று. ஓரத்திலிருந்து கூர்மையான ஊசியைப் படுக்கைவாட்டில் செருகி லேசாக நெம்பினால் பலாக்கொட்டைத் தோல் மாதிரி ஏடு ஏடாகக் கழன்று வரும். ஐந்து ஆறு கிராம் எடுத்து, நூறு மில்லி பிடிக்கிற மூடிபோட்ட பீங்கான் கிண்ணத்தில் போடுங்கள், கைவான் என்பார்கள். நாள்பட்ட தேயிலைக்குச் சீனாவின் யீசிங் ஊர் மண் கூஜா நல்லது என்று அங்கிள் சொல்வார், அந்தச் செலவுக்குப் பிறகு போகலாம். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், ஆறவைத்து ஊற்றுவதெல்லாம் கிரீன் டீக்கு. முதல் தண்ணீரை ஊற்றி உடனே கொட்டிவிடுங்கள். தூசி போகும், அழுத்தி வைத்த இலை வாய் திறக்கும். அப்போதே கிண்ணத்தின் மூடியை முகர்ந்து பாருங்கள், தேயிலை எங்கே இருந்தது என்று அதுவே சொல்லிவிடும். கிடங்கு வாடை தூக்கலாக இருந்தால் இன்னொரு முறை கழுவிக் கொட்டுங்கள்.

அப்புறம் ஊற்றி, பத்து எண்ணி, வடித்துவிடுங்கள். அவ்வளவுதான். நம் ஆட்கள் இங்கேதான் தப்பு செய்வார்கள், பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டு, கசக்கிறது என்று முகத்தைச் சுளிப்பார்கள். பத்து வினாடி, பத்து, பதினைந்து, இருபது என்று கூட்டிக்கொண்டே போனால் ஒரே இலை பத்துப் பன்னிரண்டு தடவை கொடுக்கும். முதல் இரண்டில் அந்தப் பூட்டிய வீட்டு வாடை. மூன்று, நாலில் அது பின்னால் போய் மரம், அப்புறம் பச்சைக் கற்பூரம். சர்க்கரைப் பொங்கலில் ஒரு சிட்டிகை அதிகமாகிவிட்டால் மூக்குக்குள் குளிருமே, அந்தக் கற்பூரத்தின் நிழல் மாதிரி. சீனர்களும் இதைக் கற்பூர மணம் என்றுதான் சொல்கிறார்கள், ஜாங் சியாங். தொண்டையில் திரும்பி வரும் அந்த நெல்லிக்காய் இனிப்புக்கு ஹுய் கான் என்று பெயர். நல்ல ஷோவில் சிவப்புப் பேரீச்சை மாதிரி ஒரு மணம் வரும், அவர்கள் சொல்லும் அந்தச் சீனப் பேரீச்சை வேறொன்றும் இல்லை, நம் இலந்தையின் பெரிய அண்ணன். இலந்தை வடை தின்று வளர்ந்தவர்களுக்கு ஒரே முகர்வில் தெரிந்துவிடும். எட்டுக்கு மேல் நிறம் வெளுக்கும், ஆனால் இனிப்பு மட்டும் தனியாக நிற்கும். எனக்கு எட்டாவதுதான் பிடிக்கும், அங்கிள் நாலாவதோடு நிறுத்திவிடுவார், மீதியை எனக்குத் தள்ளுவார்.

வேலைக்குப் போகும் நாளில் இந்தச் சடங்கெல்லாம் நடக்காது. மூன்று கிராம் ஷோவைக் கழுவி, அரை லிட்டர் குடுவையில் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடிவிடுவேன். ரயிலில் குலுங்கி அலுவலகம் போய்ச் சேரும்போது தயார். ஷோ கசக்காது, மறந்துபோய் மதியம் குடித்தாலும் மன்னிக்கும். ஷெங்கை இப்படிச் செய்துவிடாதீர்கள்.

உடம்புக்கு என்ன செய்யும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு நடப்பதைச் சொல்கிறேன். நல்ல பழைய ஷெங் என்றால் மூன்றாவது கிண்ணத்தில் முதுகுத்தண்டு வழியாக ஒரு சூடு ஏறும், பிடரியில் வேர்க்கும், தோள் தளரும், ஒரு ஏப்பம் வரும். இதை ச்சா சி, தேநீரின் சக்தி என்கிறார்கள். சக்தியோ கஃபீனும் கொதிநீருமோ, சுகமாக இருக்கிறது. ஆனால் பழசானால் கஃபீன் போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பிவிடாதீர்கள், அது எங்கும் போவதில்லை. இராத்திரி ஒன்பது மணிக்கு அங்கிள் வீட்டில் ஏழு கிண்ணம் குடித்துவிட்டு வந்து விடியற்காலை மூன்று மணிக்கு மின்விசிறி சுற்றுவதை எண்ணிக்கொண்டு படுத்திருந்தவன் சொல்கிறேன். இளம் ஷெங்கை வெறும் வயிற்றில் குடித்தால் வயிறு கவ்வும், கை லேசாக நடுங்கும், அதைத் தேநீர் போதை என்பார்கள், போதையில் சுகமே கிடையாது.

கொழுப்பைக் கரைக்கும், எடை குறையும் என்பதெல்லாம் பெட்டியின் பின்னால் அச்சடித்திருக்கும். எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஷோ வகையில் உண்டாகும் கறுப்பு நிறமிகள் கொலஸ்ட்ராலைக் குறைத்ததாகக் காட்டியிருக்கிறார்கள். நான் எலி இல்லை. ஒன்பது வருடமாகக் குடிக்கிறேன், இடுப்பு வேட்டியைப் பார்த்தால் தெரியும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு லேசாக இருக்கிறது, அது நிஜம், டிம் சம் மேசைக்கு அது எப்படி வந்தது என்று அப்போது புரிகிறது. ஆனால் இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், தேநீர் எதுவானாலும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். தினமும் மாத்திரை போடுபவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், என் வலைப்பூவை நம்ப வேண்டாம்.

எங்கே வாங்குவது என்று கேட்டால், முதலில் போய்க் குடித்துப் பாருங்கள். சைனாடவுனில் தெற்குப் பாலச் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது பக்கத்து மாஸ்க் ஸ்ட்ரீட்டில் நுழையுங்கள். சூலியா முஸ்லிம்கள், அதாவது நம் தமிழ் முஸ்லிம்கள், கட்டிய ஜாமே பள்ளிவாசலால் வந்த தெருப் பெயர் அது. அதே தெருவில்தான் 1925இல் தொடங்கிய பெக் சின் சூன் தேயிலைக் கடை இருக்கிறது, பக் குட் தே என்ற பன்றி எலும்புச் சூப் விற்கும் கடைகளுக்குப் போகும் ஊலாங் தேயிலைக்குப் பேர்போனது. தமிழர் தெருவில் சீனத் தேயிலை என்று நான் ஒருமுறை சொன்னபோது அங்கிள், "உங்கள் சொல்லிலேயே எங்கள் ஆள் உட்கார்ந்திருக்கிறார்" என்றார். தேயிலையில் இருக்கும் 'தே' ஹொக்கியன் பேச்சிலிருந்து கப்பலேறிய சொல்தான். இங்கே இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக்கிலும் அவரே. சிக்கனமாகத் தொடங்க நினைத்தால் ஐம்பது வெள்ளிக்குள் ஒரு ஷோ தட்டு போதும், தினமும் ஐந்து கிராம் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் வரும். பழசு, அரிது என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்தினால் கிளம்பிவிடுங்கள்.

அம்மா இன்னும் இதை ஒழுங்காகக் குடிப்பதில்லை. நான் பன்னிரண்டு தடவை ஊற்றி முடித்த இலையை எடுத்துக்கொண்டு போய், சுக்கு தட்டிப் போட்டு, கருப்பட்டி போட்டு, கால் மணி நேரம் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் குடிப்பார். முதலில் எனக்குப் பதறியது. அங்கிளிடம் புகார் சொன்னேன். அவர், கடைசி இலையைக் கொதிக்கவைப்பது சரிதானே, நாங்களும் செய்வோம், அந்தக் கறுப்புச் சர்க்கரை என்ன, கொஞ்சம் கொண்டு வா என்றார். இப்போது அவர் வீட்டில் கருப்பட்டி இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்குப் பானையைத் திறந்தேன். நாலு வருடம் உள்ளே இருந்த ஷெங். காகிதத்தைப் பிரித்ததும் பழைய மரப்பெட்டி வாசம், பெருங்காயம் துளிகூட இல்லை. ஒரு துண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அங்கிள் கழுவிய இலையை மூடியோடு மூக்குக்கருகே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எத்தனை வருடம் என்று கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"எந்தப் பானை?" என்றார்.

கொண்டு போய்க் காட்டினேன். விளிம்பைத் தட்டிப் பார்த்தார், உள்ளே கைவிட்டுத் தடவினார், எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன், இவ்வளவுதானா என்று ஆச்சரியப்பட்டார். அடுத்த ஜனவரியில் கேம்பல் லேனில் மூன்று பானை வாங்க வேண்டும். அவருக்குப் பெரியது. மஞ்சள்கொத்து மட்டும் கட்டாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், தேயிலை அதையும் குடித்துவிடும்.